வரி இல்லாத காலைச் சாப்பாடு

லோர்னா ஸ்டாம்ப்பருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இங்கிலாந்தில் ஹல் நகருக்குக் கிழக்கே இருந்த அந்தக் கேரவன் தொழிற்சாலையில், சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்களில் அவளும் ஒருத்தி என்றுதான் பல வருஷம் பேச்சு. சைக்கிள் இருந்தது. ஹெல்மெட் இருந்தது. பேண்ட் நுனியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கிளிப்பும் இருந்தது. ஓட்டத் தெரியாது என்கிற ஒன்றுதான் குறை.

இன்று அந்த இடத்தில் தொழிற்சாலை இல்லை. பொட்டலங்களை அடுக்கி வைக்கிற ராட்சதக் கொட்டகை ஒன்று நிற்கிறது. உள்ளே போகிறவர்கள் யாரும் யாரோடும் பேசிக்கொள்வதாகத் தெரியவில்லை. அப்போது அப்படி இல்லை. விடுமுறைக்கு ஜனங்கள் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற வீடுகளை அங்கே கட்டினார்கள். மரவேலை ஒரு பக்கம், பெயிண்ட் ஒரு பக்கம், மெத்தை உறையும் திரைச்சீலையும் தைக்கிற பெண்கள் ஒரு பக்கம் என்று நாள் முழுக்கச் சத்தம். சத்தத்துக்கு மேல் சத்தமாகப் பேச்சு.

லோர்னா தையல் பக்கம். ஐம்பதைத் தாண்டியவள். அவள் புருஷன் ராய், கொஞ்சம் வெயில் காய்ந்துவிட்டு வருகிறேன் என்று ஸ்பெயினுக்குப் போனான். வெயிலோடு சேர்த்து அங்கே மதுக்கடை நடத்துகிற ஒருத்தியும் கிடைத்துவிட்டாள், ஆள் திரும்பவில்லை. அவன் போனதற்காக அவள் அழுததெல்லாம் ஒரு குளிர்காலம்தான். அதற்குப் பிறகு அவளை வாட்டியது வேறு. பேச ஆளில்லாத வீடு. காலையில் சமையலறைத் தொட்டி ஓரமாக நின்றுகொண்டே ஒரு துண்டு டோஸ்ட்டை மென்று விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். உட்கார்ந்து சாப்பிட்டால் எதிர் நாற்காலி காலியாக இருப்பது கண்ணில் படும்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்துக்கு ஒரு நல்ல புத்தி வந்திருந்தது. முதலாளி தொழிலாளிக்கு எதைச் சும்மா கொடுத்தாலும், அதுவும் சம்பளம்தான், எடு வரியை என்று கை நீட்டுகிற கூட்டம் அது. அப்படிப்பட்டவர்கள், கம்பெனி குறித்துச் சொல்லும் நாளில் சைக்கிள் மிதித்து வருகிறவனுக்குக் காலைச் சாப்பாடு போட்டால் அதற்கு மட்டும் வரி கிடையாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். லண்டனில் ஏதோ ஓர் அலுவலகத்தில், டை கட்டிய ஒரு மனுஷன் உட்கார்ந்து, முட்டைக்கும் பேக்கனுக்கும் வரிவிலக்கு எழுதியிருக்கிறார். அவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

எங்கள் தொழிற்சாலையில் மாதத்தின் முதல் புதன்கிழமை அந்த நாள். கேன்டீனில் ஜன்னலோர நீள மேசை சைக்கிள்காரர்களுக்கு. பேக்கன் என்கிற பன்றிக்கறி வறுவல், சாசேஜ், முட்டை, பீன்ஸ், கொழுப்பில் வறுத்த ரொட்டி, பெரிய குவளையில் டீ. எல்லாம் சும்மா. அடுப்பு பெரில் அம்மாளின் ராஜ்ஜியம். சட்டம் சொல்கிறபடி, சைக்கிளில் வந்தவனுக்குத்தான் தட்டு. அதற்கு அத்தாட்சியாக பெரில் வைத்த நடைமுறை ஒன்று உண்டு. வரிசையில் வருகிறவன் காலைத் தூக்கி, பேண்டில் மாட்டிய கிளிப்பைக் காட்ட வேண்டும். கிளிப் இல்லையா, நடையைக் கட்டு.

ஒரு புதன்கிழமை லோர்னா டீ வாங்க வந்து வரிசையில் நின்றாள். வாசனை ஆளைத் தூக்கியது. ஆனால் அவளை உண்மையில் இழுத்தது வாசனை இல்லை. அந்த மேசையின் சிரிப்பு. குளிரில் மிதித்து வந்து மூக்கெல்லாம் சிவந்த ஆட்கள், ஒருத்தன் தட்டிலிருந்து ஒருத்தன் எடுத்துத் தின்றுகொண்டு, ஒருத்தனை ஒருத்தன் வாரிக்கொண்டு கிடந்தார்கள்.

"பெரில், எனக்கும் ரெண்டு பேக்கன் வையேன்" என்றாள்.

"சைக்கிள்ல வந்தியா கண்ணு?"

"பஸ்ல."

"அப்ப பஸ்காரன்கிட்ட போய்க் கேளு" என்றாள் பெரில். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். லோர்னாவும் சிரித்தாள். ஆனால் டீயை எடுத்துக்கொண்டு தனி மேசைக்குப் போய், ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வாரமே அலுவலகத்துக்குப் போய் சைக்கிள் திட்டத்தில் சேர்ந்துவிட்டாள். அதுவும் அரசாங்கத்தின் கைங்கரியம்தான். கம்பெனி சைக்கிளை வாங்கிக் கொடுக்கும், சம்பளத்துக்கு வரி போடுவதற்கு முன்னாலேயே மாதாமாதம் பிடித்துக்கொள்ளும், அந்த அளவுக்கு வரி மிச்சம். முன்னால் கூடை வைத்த பச்சை நிறச் சைக்கிள் வந்தது. கிளிப்புக்காக அப்பாவின் பழைய ஆணி டப்பாவைக் குடைந்தாள். துறைமுகத்துக்குச் சைக்கிளில் போய்வந்த மனுஷன். ஒற்றைக் கிளிப் ஒன்று கிடைத்தது. துரு போகத் தேய்த்து வைத்துக்கொண்டாள்.

ஓட்டுவதுதான் பாக்கி. சின்ன வயதில் அண்ணன் சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுப் பார்த்து, நேராக வடிகால் வாய்க்காலில் போய் விழுந்தவள் அவள். சேற்றைக் குடித்த ருசி இன்னும் நாக்கில் இருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் பத்தடி அகலத்தில் ஓடுகிற, பத்தடிச் சந்து என்றே பெயரான சந்தில் மூன்று மாலை முயன்றாள். முதல் நாள் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி விழுந்தது. இரண்டாம் நாள் அதே தொட்டிதான் மறுபடியும் விழுந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார். லோர்னா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு யோசித்தாள். பெரில் கேட்பது கிளிப்பை. ஓட்டிக் காட்டு என்று யாரும் கேட்கவில்லையே?

முதல் புதன் வந்தது. எல்லோருக்கும் முன்னால் கிளம்பி, பழைய ரயில் பாதை வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாள். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு நடக்கவும் மிதிக்கவும் விட்டிருக்கிற பாதை அது, இரண்டு பக்கமும் முள்வேலி. யாரும் வருவதற்குள் சைக்கிளைப் பூட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கேன்டீனுக்குள் நுழைந்தாள். தள்ளி வந்ததில் நிஜமாகவே மூச்சு வாங்கியது, அது தோதாகப் போயிற்று.

"கிளிப்பக் காட்டு" என்றாள் பெரில்.

லாடம் அடிக்க நிற்கும் குதிரை மாதிரி லோர்னா காலைத் தூக்கினாள். பெரில் கரண்டியைப் பிடித்தபடி அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். பிறகு தட்டை நிரப்பினாள். சாசேஜ் ஒன்று அதிகமாகவே விழுந்தது.

மேசையில் மரவேலைப் பிரிவின் மாரிஸ் ஆம்ப்ளர் நகர்ந்து இடம் விட்டார். கல்யாணம் ஆகாதவர், அம்மாவின் காலம் முடியும்வரை அவளைப் பார்த்துக்கொண்டவர். பேச்சு குறைவு. ஸ்டோரில் வேலை பார்க்கும் ட்ரெவர் ப்ளென்கின் அதற்கும் சேர்த்துப் பேசுவான்.

"வாங்க வாங்க, தையல் பக்கத்துலேர்ந்து ஒரு ஆளு சேர்ந்தாச்சு. யப்பா, வழி விடுங்கப்பா. எவ்வளவு தூரம் மிதிச்சீங்க?"

"ரெண்டு மைலு" என்றாள் லோர்னா.

"எதிர்க்காத்தா?"

"ஆமா, செம காத்து" என்றாள். காற்றே இல்லாத காலை அது. ட்ரெவர் கீழே விழுந்த முள்கரண்டியை எடுக்க மேசைக்கு அடியில் குனிந்தான். மேலே வந்தபோது முகம் செக்கச் சிவந்திருந்தது, டீ புரையேறி இருமினான். மாரிஸ் அவன் முதுகில் தேவைக்கு மேலேயே பலமாகத் தட்டினார். லோர்னா இதையெல்லாம் கவனிக்கவில்லை. பேக்கன் அவ்வளவு நன்றாக இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு, உட்கார்ந்து, ஆட்களோடு சாப்பிட்டாள்.

சாப்பாடு முடிந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. சாயங்காலம் சைக்கிள்காரர்கள் கூட்டமாகக் கிளம்புவார்களே? அவர்கள் கண்ணெதிரே எப்படித் தள்ளிக்கொண்டு போவது? மெத்தை தைக்கிற நீள ஊசி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். வேலை முடிகிற நேரத்தில் சைக்கிள் கொட்டகைக்குப் போய், சுற்றுமுற்றும் பார்த்து, பின்சக்கரத்தில் ஒரே குத்து.

"பஞ்சராயிடுச்சு" என்று ஆட்கள் வந்ததும் சொன்னாள். முகத்தில் சோகம் வைத்துக்கொள்ளக் கஷ்டப்பட்டாள்.

மாரிஸின் கை சீட்டுக்குப் பின்னால் தொங்கிய தோல்பைக்குப் போனது. பேட்ச்சும் சொல்யூஷனும் இல்லாமல் அவர் வெளியே கிளம்ப மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். லோர்னாவுக்கு உயிர் போய் வந்தது. பைமேல் கை வைத்தவர் நின்றார். டயரைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார்.

"அடடா, பஞ்சர் சாமான வீட்டுலயே மறந்துட்டேனே" என்றார்.

"நீயா? மறந்துட்டியா?" என்றான் ட்ரெவர்.

"வயசாவுதுல்ல" என்றார் மாரிஸ். "நீங்கல்லாம் போங்க. நானும் அவங்களோட தள்ளிக்கிட்டே வரேன். தனியா போனா போரடிக்கும்."

அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு முதல் புதனும் லோர்னாவின் டயர் பஞ்சராகும். ஒவ்வொரு முதல் புதனும் மாரிஸ் பஞ்சர் சாமானை மறந்துவிட்டு வருவார். அந்தப் பாதையிலேயே ஏதோ சாபம் இருக்கிறது என்று ட்ரெவர் சொல்லுவான், மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் லோர்னா சமையலறையில் உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடம் பார்த்து, தேய்த்து ஒட்டுவாள். சைக்கிள் ஓட்டத் தெரியாத அந்தப் பெண், ஹல் பக்கத்தில் யாரையும்விட நன்றாகப் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டாள்.

இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசிக்கொண்டே போவார்கள். வாயே திறக்காத மாரிஸ் அந்தப் பாதையில் பேசினார். முப்பது வருஷமாகக் கேரவனுக்கு அலமாரி அடிக்கிற தனக்கு, கேரவனைக் கண்டாலே ஆகாது என்றார்.

"ஒரே ஒரு தடவ ஸ்கார்பரோ பீச்சுக்குப் போய்க் கேரவன்ல தங்குனேன். ராத்திரி முழுக்க மழ. எந்த மடையன் இந்த அலமாரிய அடிச்சான், கதவே மூட மாட்டேங்குதேன்னு பாத்தா, நான் அடிச்சது."

லோர்னா சிரித்துச் சிரித்து ஹேண்டில்பாரில் சாய்ந்துவிட்டாள். அவளும் சொன்னாள். ராயைப் பற்றிச் சொன்னாள். நின்றுகொண்டே தின்கிற டோஸ்ட்டைப் பற்றிக்கூடச் சொன்னாள், அதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை. மாரிஸ் கேட்டுக்கொண்டு வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் மெதுவாக நடந்தார், அவ்வளவுதான்.

வாய்க்கால் பாலத்தில் வழி பிரியும். அவள் இடது பக்கம் தெருவுக்குள் போவாள். அவர் சைக்கிளில் ஏறி, இன்னும் நாலு மைல் தள்ளி இருக்கிற தன் கிராமத்துக்கு மிதிப்பார். திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்குவார். பின்விளக்கின் சிவப்புப் புள்ளி மறையும்வரை லோர்னா பாலத்தில் நிற்பாள். மற்ற நாட்களில் அவர் கூட்டத்தோடு பறந்துவிடுவார், அவள் பஸ்ஸில் போவாள். ஒரு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது சாப்பாடு இல்லை, அந்த நடைதான். அதைச் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை. சொல்ல வேண்டுமானால் சைக்கிள் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம் மேசையில் எந்த முகத்தோடு உட்காருவது?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் மண் அள்ளிப் போட்டவன் ட்ரெவர். ஒரு மழைநாளில் சைக்கிளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு வந்து, கார் நிறுத்துமிடத்தில் இறக்கி, கேட்டிலிருந்து கேன்டீன்வரை மிதித்து வந்து, காலைத் தூக்கிக் கிளிப்பைக் காட்டியிருக்கிறான். அலுவலக மாடியிலிருந்து அதைப் பார்த்தவர் ஜூலியன். ஊழியர் விவகாரம் பார்க்கத் தெற்கேயிருந்து புதிதாக வந்த மேனேஜர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சட்டத்தில் உள்ளதை அப்படியே செய்கிறவர், அதுதான் தொல்லை.

அடுத்த முதல் புதன்கிழமை, சாப்பாடு நடக்கும்போது கேன்டீனுக்கே வந்து சொல்லிவிட்டார். "இது வரிவிலக்கு உள்ள சலுகை. சைக்கிள்ல வராதவங்களுக்குக் குடுத்தோம்னு தெரிஞ்சா வரிக்காரங்க நம்மளத்தான் பிடிப்பாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து நான் கேட்ல நிப்பேன். ஓட்டிக்கிட்டு வரவங்களுக்கு டோக்கன். டோக்கன் இருந்தாத்தான் தட்டு. தயவுசெஞ்சு சாக்குப்போக்கு வேணாம்."

"கிளிப்பு இருக்கே சார்" என்றாள் பெரில்.

"கிளிப் யார் வேணா மாட்டிக்கலாமே" என்றார் ஜூலியன். மேசையில் யாரும் லோர்னா பக்கம் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்பது அவளுக்குப் புரியவில்லை.

அன்று மாலை பாலத்தை நெருங்கும்வரை அவள் சைக்கிள் கூடையையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் மாரிஸ்.

"அடுத்த மாசம் என்னால வர முடியாதுபோல. முதுகு வலி."

"முதுகா" என்றார் அவர். கொஞ்ச தூரம் யோசனையோடு நடந்தார். "எதுக்கும் வந்து பாருங்க. அதுக்குள்ள சரியாயிடும்."

அவள் மறுபடியும் பத்தடிச் சந்தில் இறங்கினாள். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். இந்தத் தடவை தொட்டி இல்லாததால் சுவர். முடியாது என்று ஆனது. இருந்தாலும் முதல் புதனன்று காலையில், முதுகு வலியும் இல்லாமல், வழியும் தெரியாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். பிடிபட்டால் பிடிபடட்டும், கடைசியாக ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணம்தான்.

தொழிற்சாலைக் கேட்டை நெருங்கியபோது அவளுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. ட்ரெவர் உட்பட சைக்கிள்காரர்கள் அத்தனை பேரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கேட் கம்பத்தில் புதிதாக ஒரு பலகை. கேரவன் சுவருக்குப் போடும் பிளைவுட், மஞ்சள் பெயிண்ட், கறுப்பு எழுத்து: "சைக்கிளில் வருவோர் இங்கே இறங்கித் தள்ளிச் செல்லவும்."

"இத யாரு வெச்சது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் ஜூலியன், கையில் டோக்கன் கட்டோடு.

"பாதுகாப்பு விஷயமா இருக்கும் சார்" என்றான் ட்ரெவர் பயபக்தியோடு. "இங்கதான சரக்கு தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி திரும்புது. போர்டு இருக்கும்போது மீறி ஓட்டிட்டு வந்து எவனாவது அடிபட்டா, அப்புறம் உங்க பேருதான் சார் கெடும்."

பாதுகாப்பு என்ற வார்த்தையைக் கேட்டால் எங்கள் நாட்டில் எந்த மேனேஜரும் வாயை மூடிக்கொள்வார். ஜூலியன் பலகையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், டோக்கன்களைக் கொடுக்க ஆரம்பித்தார். லோர்னா வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டு ஒரு டோக்கனை வாங்கிக்கொண்டாள். மேசையில் எதிரே உட்கார்ந்த மாரிஸின் கட்டைவிரல் நகத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. கேரவன் தொழிற்சாலையில் யார் நகத்தில்தான் பெயிண்ட் இல்லை?

"முதுகு எப்படி?" என்று கேட்டார் மாரிஸ்.

"விட்டுருச்சு" என்றாள் லோர்னா. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பலகை அதற்குப் பிறகு அங்கேயே இருந்துவிட்டது. ஜூலியனும் இரண்டு மாதத்தில் கேட்டில் நிற்பதை விட்டுவிட்டார், குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு லண்டனில் வேறொரு டை கட்டிய மனுஷன் உட்கார்ந்தார். சட்டத்தில் தேவையில்லாத சின்னச் சின்ன விலக்குகளையெல்லாம் கூட்டித் தள்ளுகிறோம் என்று, சைக்கிள்காரர்களின் காலைச் சாப்பாட்டையும் குப்பையோடு சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லையாம். எங்கள் பக்கம் வந்து பெரிலிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏப்ரல் முதல் புதன்தான் கடைசிச் சாப்பாடு என்று அலுவலகம் அறிவித்தது.

அந்த வருஷம் வசந்தம் வரவே மறுத்த வருஷம். ஏப்ரலிலும் பாதையோரத்தில் பனி கிடந்தது. பெரில் கையில் இருந்ததையெல்லாம் பொரித்துப் போட்டாள். ட்ரெவர் எழுந்து நின்று, செத்துப்போன பேக்கனுக்கு அஞ்சலி என்று பேச ஆரம்பித்து, பாதியில் குரல் கம்மி உட்கார்ந்துவிட்டான். வரிசையில் லோர்னா காலைத் தூக்கியபோது பெரில் கிளிப்பைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தாள். "நல்லா சாப்பிடு கண்ணு" என்றாள்.

சாயங்காலம் கொட்டகையில் லோர்னா ஊசியை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு டயரைக் குத்தாமல் ஊசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மாரிஸ் வந்தார். டயரை அழுத்திப் பார்த்தார், கல் மாதிரி இருந்தது. இருந்தும் தன் சைக்கிளை எடுத்துத் தள்ளிக்கொண்டு நடந்தார். முள்வேலி தொடங்கும் இடத்தில் லோர்னா வாயைத் திறந்தாள்.

"மாரிஸ், ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீங்க சைக்கிள்ல ஏறிப் போயிட்டாலும் பரவாயில்ல."

"சொல்லுங்க."

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஒரு நாள்கூட ஓட்டினதில்ல. டயரையும் நான்தான் ஊசியால குத்துனேன். எல்லாத் தடவையும்."

மாரிஸ் நின்றார். சைக்கிளை வேலியில் சாய்த்தார்.

"தெரியும்" என்றார்.

"எது தெரியும்?"

"எல்லாந்தான்."

"எப்பலேர்ந்து?"

அவர் அவள் காலைக் காட்டினார். "முதல் நாள்லேர்ந்து. சைக்கிளப் பாரு லோர்னா. செயின் எந்தப் பக்கம் இருக்கு? வலது பக்கம். பேண்ட் போய் அதுல மாட்டிக்காம இருக்கத்தான் கிளிப்பு. நீ இடது கால்ல மாட்டிக்கிட்டு வந்தே."

லோர்னா தன் இடது காலைப் பார்த்தாள். அவர் வலது காலைப் பார்த்தாள். பச்சைச் சைக்கிளின் செயினைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக, மாதம் தவறாமல், கேன்டீன் நடுவில் தூக்கித் தூக்கிக் காட்டிய கால் அது.

"அப்ப ட்ரெவரு..."

"மேசைக்கே தெரியும்."

"பெரிலு?"

"பெரிலுக்குத்தான் முதல்ல தெரியும். அன்னைக்கே கரண்டியோட வந்து ஒரு மிரட்டு மிரட்டுனா. அந்தப் பொண்ணுகிட்ட எவனாவது வாயத் தொறந்தீங்க, அடுத்த புதனுக்கு எல்லாருக்கும் பச்சத் தண்ணிதான்னு."

"கேட்ல வெச்ச போர்டு?"

"மஞ்ச பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு" என்றார் மாரிஸ். பிறகு, எல்லாம் சொல்லியாயிற்று, இதையும் சொல்லிவிடலாம் என்பதுபோல, சீட்டுக்குப் பின்னாலிருந்த தோல்பையைத் திறந்து காட்டினார். பேட்ச், சொல்யூஷன், தேய்க்கிற காகிதம், டயர் நெம்புகிற கம்பி, எல்லாம் துடைத்து வைத்ததுபோல் இருந்தன. "ஒரு நாளும் நான் மறந்ததில்ல."

லோர்னாவுக்கு முதலில் வந்தது வெட்கம். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்புறம் கோபம் வந்தது, இத்தனை பேரும் சேர்ந்து தன்னை வேடிக்கை பார்த்திருக்கிறார்களே என்று. அதுவும் நிற்கவில்லை. அந்த அதிகப்படி சாசேஜ் நினைவுக்கு வந்தது. வரிசையாகத் தள்ளிக்கொண்டு போன சைக்கிள்கள் நினைவுக்கு வந்தன. தான் ஒருத்தி அந்த மேசையில் உட்கார வேண்டும் என்பதற்காக, இவ்வளவு பேர், இவ்வளவு காலம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே அழுதாள். மாரிஸ் கைக்குட்டையைக் கொடுத்தார். அதில் மரத்தூள் இருந்தது.

"கத்துத் தரட்டுமா?" என்று கேட்டார். "ஒண்ணும் கஷ்டமில்ல. ஒரு வாரத்துல ஓட்டிடுவே."

லோர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "இங்கேர்ந்து பாலத்துக்கு சைக்கிள்ல போனா எவ்வளவு நேரம்?"

"ஒரு பத்து நிமிஷம்."

"தள்ளிக்கிட்டுப் போனா?"

"முக்கா மணி ஆவும்."

"அப்ப எதுக்கு நான் கத்துக்கணும்?"

மாரிஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது அவர் முகம் போன போக்கை லோர்னா சாகும்வரை மறக்க மாட்டாள். அன்று பாலத்தில் அவர் சைக்கிளில் ஏறவில்லை. அவளோடு இடது பக்கம் திரும்பி, தெருவுக்குள் வந்து, சமையலறையில் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து டோஸ்ட் சாப்பிட்டார்.

அடுத்த வருஷம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். தொழிற்சாலையை மூடியபோது ட்ரெவர் கேட் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். இன்னும் அது அவர்கள் வீட்டுப் பின்கதவில் இருக்கிறது, பத்தடிச் சந்தில் சைக்கிளில் வருகிற புது ஆட்கள் சிலர் அதைப் பார்த்து நிஜமாகவே இறங்கித் தள்ளுகிறார்கள். இரண்டு பேரும் கடைவீதிக்கும் கடற்கரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் போனார்கள். சைக்கிள் எதற்கு என்று கேட்டால், பை மாட்ட வசதி என்பார் மாரிஸ்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். ஆயுள் முழுக்கச் சுவாசித்த மரத்தூள் கடைசியில் நெஞ்சில் கணக்குத் தீர்த்துக்கொண்டது. லோர்னா இப்போது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பழைய ரயில் பாதையில் போகிறாள். இடது காலில் அப்பாவின் கிளிப். சீட்டுக்குப் பின்னால் அதே தோல்பை.

சில வாரங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து வேலை முடிந்து வந்த ஒரு நர்ஸ், மின்சாரச் சைக்கிளில் அவளைக் கடந்து போய், பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா, பஞ்சரா? ஒட்டுற சாமான் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

லோர்னா தோல்பையைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் யாரும் காத்திருக்காத முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"வீட்டுலயே மறந்துட்டேன் கண்ணு" என்றாள்.

"அப்படியா? சரி, பாலம் வரைக்கும் நானும் கூட வரேன்" என்று அந்தப் பெண் சைக்கிளைவிட்டு இறங்கினாள்.